பதினைந்து ஆண்டுச் சிறைக்குப் பிறகு: பிலிப் குளோதெலின் படத்துக்கு அந்தக் கடைசிக் காரணம் தேவைதானா?

நீலாம்பரி:

முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

2008இல் வெளிவந்த 'இல் யா லோந்தாம் க ஜ தெம்' (நீண்ட காலமாக உன்னை நேசிக்கிறேன்) என்ற பிரெஞ்சுப் படத்தை மறுபடியும் பார்த்தேன். நாவலாசிரியர் பிலிப் குளோதெல் எழுதி இயக்கிய முதல் படம். பதினைந்து ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வரும் ஜூலியெத் (கிறிஸ்டின் ஸ்காட் தாமஸ்), நான்சி நகரில் இருக்கும் தங்கை லேயாவின் (எல்சா ஜில்பர்ஸ்டைன்) வீட்டில் தங்க வருகிறாள். ஜூலியெத் ஒரு மருத்துவர். தன் ஆறு வயது மகன் பியரைக் கொன்றவள். நீதிமன்றத்தில் வாயே திறக்காதவள்.

இதைவிடக் கடினமான ஒரு தொடக்கத்தை எந்த இயக்குநரும் எடுத்துக்கொள்ள முடியாது. கொள்ளையடித்தவன், போதைப்பொருள் விற்றவன், சண்டையில் குத்திவிட்டவன் என்றால் நம் மனம் எப்படியாவது ஒரு இடம் கொடுத்துவிடும். பெற்ற பிள்ளையைக் கொன்றவளுக்கு எங்கே இடம்? படத்தின் பெரும்பகுதி இந்தக் கேள்வியை விட்டு நகராமல் நிற்கிறது. வேலை கேட்டுப் போகிறாள். சிறையில் இருந்தவள் என்பது அந்த முதலாளிக்குத் தெரியும், அதைப் பொருட்படுத்தாத நல்லவர்தான். என்ன குற்றம் என்று கேட்கிறார். கொலை என்கிறாள். யாரை என்கிறார். என் மகனை என்றதும் வெளியே போ என்று கத்துகிறார். அவர் தாராள மனத்தின் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று அந்த நொடியில் நமக்கும் தெரிந்துவிடுகிறது. என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

இப்படி நம்மை நிறுத்திவைத்த படம், கடைசியில் கையை விட்டுவிடுகிறது. பையனுக்குத் தீராத நோய், தாங்கமுடியாத வலியோடு சாகப்போகிறான், மருத்துவரான தாய் ஊசி போட்டு அனுப்பிவைத்தாள் என்று தெரியவருகிறது. நாம் அழுகிறோம். நிம்மதியடைகிறோம். அந்த நிம்மதிதான் என்னை உறுத்துகிறது. 'அவள் உண்மையில் கொலைகாரி இல்லை' என்று ஆகிவிட்டால், கொலைகாரி ஒருத்தி திரும்பிவந்து வாழ முடியுமா என்ற கேள்வி என்னவாயிற்று? அந்தக் காரணத்தைச் சொல்லாமலே படம் முடிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கல்மண்டபம்:

சகோதரி, நீங்கள் முடிவிலிருந்து படத்தைப் பார்க்கிறீர்கள். நான் நடுப்பகுதிக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவன்.

சிறைக்குப் பிறகான வாழ்க்கை என்றதும் பெரும்பாலான படங்கள் பழைய கூட்டாளி வந்து கதவைத் தட்டுவதைக் காட்டும். இங்கே யாரும் தட்டவில்லை. ஒரு வீடு, அதில் ஒரு மாடியறை, சாப்பாட்டு மேசையில் கூடுதலாக ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்தத் தட்டைச் சுற்றி ஒரு குடும்பமே எப்படி நெளிகிறது என்பதை முகங்களால் சொல்கிறார்கள். லேயா அன்பில் அவசரப்படுகிறாள். அவள் கணவன் லூக் மரியாதையாகப் பேசுகிறான், ஆனால் பிள்ளைகளை ஜூலியெத்தோடு தனியே விடக்கூடாது என்று மனைவியிடம் சண்டை போடுகிறான். பக்கவாதத்தால் பேச்சை இழந்த லூக்கின் தந்தை நாளெல்லாம் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார், அவர் அறையில்தான் ஜூலியெத் முதலில் இயல்பாக உட்காருகிறாள். கேள்வி கேட்க முடியாத ஒரே மனிதர் அவர்தான்.

காப்பிக்கடையில் ஒருவன் வலிய வந்து பேசுகிறான், அவனோடு போகிறாள். முடிந்த பிறகு, நன்றாக இருந்ததா என்று கேட்கிறான். இல்லை, ஆனால் பரவாயில்லை என்கிறாள். கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. உடல் இன்னும் தன்னுடையதுதானா என்று சரிபார்க்க வந்தவள் போல எழுந்து போகிறாள். இந்த இடத்தில் ஸ்காட் தாமஸின் முகத்தில் எதுவுமே அசையாது. பொய் சொல்லும் பழக்கமே விட்டுப்போன மனுஷி என்று அதில் புரிகிறது.

பிறகு காவல் அதிகாரி ஃபோரே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதர் விதிமுறையை மறந்து தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றைப் பற்றிப் பேசுகிறார். விவாகரத்து ஆனவர், மகளைப் பிரிந்திருப்பவர். என்றாவது அந்த ஆற்றைப் பார்க்கப் போவேன் என்கிறார். இன்னொரு முறை அவள் போகும்போது அந்த நாற்காலியில் வேறொருவர். ஃபோரே தற்கொலை செய்துகொண்டார் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். கண்காணிக்கப்படுபவள் பிழைத்துக்கொள்கிறாள், கண்காணித்தவர் போய்விடுகிறார். உங்கள் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். உயிரோடு இருப்பதற்கு யாருக்கும் காரணச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

லொரேன்வாசி:

நான்சிக்கு அருகில் வசிக்கிறேன். நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறேன் என்பதால் சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

குளோதெல் இந்தப் பகுதிக்காரர்தான். நான்சியை அடுத்த தோம்பால் என்ற சிற்றூரில் 1962இல் பிறந்தவர். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறைக்குள் சென்று கைதிகளுக்குப் பாடம் நடத்தியவர். படத்தில் லேயாவின் சக பேராசிரியர் மிஷேலும் சிறையில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் என்று வருவது அங்கிருந்து வந்ததுதான். அந்த விருந்துக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நண்பர்கள் கூடியிருக்கும் கிராமத்து வீடு. குடித்துவிட்டு ஒருவர், இத்தனை காலம் எங்கே இருந்தாய், என்ன மர்மம் என்று ஜூலியெத்தை விடாமல் நச்சரிக்கிறார். கொலைக்காகப் பதினைந்து ஆண்டுகள் சிறையில் இருந்தேன் என்று அவள் நேராகச் சொல்கிறாள். மேசையே வெடித்துச் சிரிக்கிறது. சிரிக்காதவர் மிஷேல் ஒருவர்தான். சிறைக்குள் போய்வந்தவனுக்குத்தான் அந்தக் குரல் அடையாளம் தெரியும்.

இனிச் சட்டம். ஜூலியெத்தின் வழக்கு 1990களின் தொடக்கத்தில் நடந்திருக்க வேண்டும். பிரான்ஸில் கொலை வழக்கை 'கூர் தசீஸ்' என்ற நீதிமன்றம் விசாரிக்கும். அந்தக் காலத்தில் 3 நீதிபதிகளும் 9 பொதுமக்களும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். இரண்டு விஷயங்களை இங்கே கவனியுங்கள். ஒன்று, அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. சட்ட நடைமுறைப் பிழை இருந்தால் மட்டும் உச்ச நீதிமன்றம் போகலாம். மேல்முறையீட்டு உரிமை 2000 ஜூன் மாதச் சட்டத்தால்தான் வந்தது. இரண்டு, ஏன் இந்தத் தீர்ப்பு என்று காரணம் எழுத வேண்டிய கடமை அந்த நீதிமன்றத்துக்கு 2011 வரை இருக்கவில்லை. உங்கள் உள்மனம் உறுதியாக நம்புகிறதா என்ற ஒரே கேள்விதான் அவர்கள் முன் வைக்கப்படும். ஆம் அல்லது இல்லை.

ஆகவே குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் ஏன் செய்தேன் என்று சொல்லவில்லை. தண்டித்தவர்களும் ஏன் தண்டித்தோம் என்று எழுதவில்லை. இந்த இரட்டை மௌனம்தான் அவளோடு சிறைக்குள் போய், அவளோடே வெளியே வருகிறது. நீலாம்பரி அவர்களே, காரணம் சொல்லாமல் முடிந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். காரணமே எங்கும் பதிவாகாத ஒரு வழக்கை எடுத்துக்கொண்ட இயக்குநருக்கு, ஒரே ஒரு ஆளிடமாவது, சட்டத்துக்கு வெளியே, அது சொல்லப்பட வேண்டும் என்று தோன்றியிருந்தால் எனக்கு வியப்பில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். குழந்தையின் சாவு என்றால் விசாரணை நீதிபதி உடற்கூறு ஆய்வுக்கு உத்தரவிடாமல் இருக்கமாட்டார். உடல் முழுக்கப் பரவிய நோய் மருத்துவர் கண்ணில் படாமல் போகாது. அவள் பேசாவிட்டாலும் கோப்பு பேசியிருக்கும். கதையின் இந்த மூட்டு பலவீனமானது, மறைப்பதற்கில்லை.

தாழை:

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இதில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீலா அக்கா, அந்த முடிவைப் பார்த்து நிம்மதி வந்தது என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் வயிறு எரிந்தது. இறக்கப்போகும் பிள்ளையின் வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்குத் தாய் வந்து, ஏதாவது செய்யுங்கள் சிஸ்டர் என்று கையைப் பிடிப்பாள். அந்தக் கையை உதறிவிட்டுப் போக முடியாது. அதனால் ஜூலியெத் செய்ததை நான் அரக்கத்தனம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அவள் தனியாகச் செய்தாள். பரிசோதனையைத் தானே செய்தாள், முடிவைத் தானே படித்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானே போனாள், தானே ஊசி போட்டாள். பிள்ளைக்கு ஒரு தகப்பன் இருந்தான்.

அந்தத் தகப்பன் படத்தில் வருவதே இல்லை. மனைவிக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் என்று ஒரு வரியில் வந்து போகிறான். பார்ப்பவர்களுக்கு அவன் கல்நெஞ்சக்காரன் போலத் தோன்றும்படி அந்த வரி அமைந்திருக்கிறது. அவன் இடத்தில் நின்று பாருங்கள். பிள்ளைக்கு நோய் என்பதே அவனுக்குத் தெரியாது. பிள்ளை போய்விட்டது, கொன்றது மனைவி, ஏன் என்று கேட்டால் அவள் சுவரைப் பார்க்கிறாள். அவன் வேறு என்ன சாட்சி சொல்ல முடியும்? பிள்ளை சாகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த பெற்றோர் அந்தக் கடைசி நாட்களை எப்படி வாழ்கிறார்கள் என்று எங்கள் பிரிவில் தினமும் பார்க்கிறேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு தகப்பன் மகளுக்கு வேப்பங்குச்சியில் பொம்மை செதுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மூக்கு சரியாக வரவில்லை என்று அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தாள், அவர் மறுபடி செதுக்கினார். அந்த நாட்களை ஜூலியெத் தன் கணவனிடமிருந்து எடுத்துக்கொண்டாள். இதைப் பற்றிப் படத்தில் யாரும் பேசவில்லை.

லொரேன்வாசி:

தாழை, நீங்கள் சொன்னதும் படம் வந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். வின்சென்ட் உம்பேர் என்ற இளைஞர் சாலை விபத்தில் கைகால் செயலிழந்து, பார்வையும் பேச்சும் போய், இறக்க அனுமதி கேட்டு நாட்டின் குடியரசுத் தலைவருக்கே கடிதம் எழுதினார். 2003இல் அவர் தாய் மரியும் மருத்துவர் ஷோசுவாவும் சேர்ந்து அவர் உயிரை முடித்தார்கள். நாடே இரண்டுபட்டது. 2006இல் இருவர்மீதும் வழக்கு கைவிடப்பட்டது. இடையில் 2005இல், பலனில்லாத சிகிச்சையை நிறுத்த அனுமதிக்கும் சட்டம் வந்தது. 2008 மார்ச்சில் இந்தப் படம் வெளியான அதே வாரத்தில் ஷாந்தால் செபீர் இறந்தார். முகத்தையே உருமாற்றிய அரிய புற்றுநோய் அவருக்கு. மருத்துவர் உதவியோடு இறக்க அவர் கேட்ட அனுமதியைத் தீஜோன் நகர நீதிமன்றம் மறுத்திருந்தது.

அப்போது இங்கே திரையரங்கில் உட்கார்ந்தவர்களுக்கு ஜூலியெத்தின் ரகசியம் வெறும் கதைத் திருப்பமாக இருந்திருக்காது. ஆனால் அந்த வழக்குகளிலெல்லாம் நோயாளியே கேட்டார், வெளிப்படையாகக் கேட்டார். பியருக்கு வயது ஆறு. அவன் கேட்கவில்லை. நீங்கள் சுட்டிக்காட்டிய தனிமையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்திமாலை:

மேலே எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரே ஒரு விஷயத்தைச் சரிபார்க்கப் படத்தை மறுபடி போட்டேன். யார் யார் எப்போது ஜூலியெத்தை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அது.

பேச முடியாத தாத்தா தொடக்கத்திலேயே. ஃபோரே, கோப்பில் இருப்பதை முழுக்கப் படித்த பிறகும், ஓரினோகோவைப் பற்றிப் பேச அவளைத்தான் தேர்ந்தெடுக்கிறார். மிஷேல் அவளை நான்சி நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போகிறார். அங்கே எமில் ஃப்ரியான் 1898இல் வரைந்த 'துயரம்' என்ற ஓவியத்தின் முன் நிற்கிறார்கள். திறந்த குழியின் ஓரத்தில் கறுப்பு உடை அணிந்த பெண், அவளை விழாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள். அவள் எதையும் விளக்குவதில்லை, அவர் எதையும் கேட்பதில்லை. மருத்துவமனையில் செயலாளர் வேலை கிடைக்கிறது. ஒட்டாமல் இருக்கிறாள் என்று சக ஊழியர்கள் முணுமுணுக்கிறார்கள், ஆனாலும் வேலை நீடிக்கிறது. லேயாவின் மகள் குட்டி லிஸ் பியானோ முன்னால் அவளை இழுத்து உட்காரவைக்கிறாள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, லூக். பிள்ளைகளைத் தனியே விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்ற அதே லூக், இன்றிரவு நாங்கள் வெளியே போகிறோம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவளிடம் தானே கேட்கிறான். குரலில் பெரிதாக எதுவும் இல்லை. கேட்டுவிட்டு நிற்கிறான். அவள் முகம் மாறுகிறது.

இது நடக்கும்போது அந்தக் காரணம் யாருக்கும் தெரியாது! லூக்குக்குத் தெரிந்ததெல்லாம் இவள் தன் பிள்ளையைக் கொன்றவள் என்பது மட்டும்தான். தெரிந்தே தன் இரண்டு பெண்களை ஓரிரவு அவளிடம் ஒப்படைக்கிறான். நீலாம்பரி கேட்ட கேள்விக்குப் படம் இங்கேயே முழுப் பதிலைச் சொல்லிவிட்டது. கொன்றவள் திரும்பி வரலாம், காரணம் சொல்லாமலே வரலாம், கூட இருப்பவர்கள் மெல்ல மெல்ல நகர்ந்து இடம் விட்டால் போதும். கடைசியில் பையனின் நோயை வெளிப்படுத்தும் காகிதத்தை மன்னிப்புக்காக யாரும் பயன்படுத்தவில்லை. அதற்கு முன்பே எல்லோரும் இடம் கொடுத்தாயிற்று.

நீலாம்பரி:

அந்திமாலை, லூக் காட்சியின் நேர வரிசையை நீங்கள் எடுத்துவைத்தது வலுவான வாதம். இதை நான் எடைபோட்டுப் பார்த்தேன். இருந்தும் என் கட்சியை விடமுடியவில்லை. காரணம் இதுதான். படத்துக்குள் இருப்பவர்கள் தெரியாமலே ஏற்றுக்கொண்டார்கள். சரி. படத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தச் சிரமத்தைக் குளோதெல் கொடுக்கவில்லை. லூக் செய்த துணிச்சலான காரியத்தை நாமும் செய்துபார்க்க வேண்டியிருந்த இடத்தில், நம் கையில் ஒரு மருத்துவ அறிக்கையைத் திணித்துவிட்டார். படம் முடிந்து வெளியே வருபவர் யாரை நினைத்துக்கொண்டு வருவார்? பாவம், நல்ல தாய் என்று. உண்மையில் சிறைகளில் இருந்து வெளியே வருபவர்களுக்கு அப்படியொரு காகிதம் இருப்பதில்லை. அவர்கள் செய்ததைத்தான் செய்திருக்கிறார்கள்.

கல்மண்டபம்:

அப்படியானால் அந்தக் காகிதம் யாருக்காக வருகிறது என்று பாருங்கள். நமக்காக இல்லை, லேயாவுக்காக.

ஜூலியெத் சிறைக்குப் போனபோது லேயா பள்ளிச் சிறுமி. பெற்றோர் அக்காவின் பெயரையே வீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பெண் தன் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் ஜூலியெத் என்று எழுதி, பிரிந்து எத்தனை நாள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறாள். பழைய நாட்குறிப்புகளை எடுத்து அக்காவிடம் காட்டும் இடத்தில் ஜூலியெத்தால் பேச முடிவதில்லை. யாரும் என்னை நினைக்கவில்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உள்ளே காலம் தள்ளியிருக்கிறாள், இப்போது அதுவும் போய்விடுகிறது.

அக்கா செய்த காரியம் லேயாவின் உடலுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. லூக்கிடம் குறை எதுவும் இல்லை, அவள்தான் தன் வயிற்றில் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்து, வியட்நாமிலிருந்து இரண்டு பெண்களைத் தத்தெடுக்கிறாள். வகுப்பில் தஸ்தயேவ்ஸ்கியின் கொலைகாரனைப் பற்றி ஒரு மாணவன் தெரிந்தவன் போலப் பேசும்போது, கொலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று சீறி விழுகிறாள். இலக்கியம் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியை தன் நூலையே அந்த நொடியில் தூக்கியெறிகிறாள். இப்படிப்பட்டவளுக்கு, ஏன் என்று கேட்கும் உரிமை எவரைவிடவும் அதிகம். மாடிப்படியருகே அவள் கத்திக் கேட்கும் காட்சி எனக்குக் கதைத் திருப்பமாகத் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளாகத் தரவேண்டியதை ஜூலியெத் கடைசியில் கொடுக்கிறாள். ஜில்பர்ஸ்டைனுக்குத் துணை நடிகைக்கான செசார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருது 2009இல் கிடைத்தது, அந்த ஒரு காட்சிக்கே தகும்.

தாழை:

கல்மண்டபம் ஐயா, லேயாவுக்குத் தரவேண்டியதைத் தந்துவிட்டாள் என்கிறீர்கள். ஏற்கிறேன். அந்த வாதத்தையே நான் நீட்டிக்கிறேன். அதே கடன் இன்னொருவருக்கும் இருக்கிறது.

தன் தாயைப் பார்க்கப் போகிறாள் ஜூலியெத். முதியோர் இல்லத்தில், நினைவு அழிந்துகொண்டிருக்கும் ஆங்கிலேயத் தாய். ஒரு நொடி அடையாளம் கண்டு, பள்ளியிலிருந்து வந்த சிறு பெண்ணை அணைப்பதுபோல அணைத்து, மறுநொடி யாரோ என்று விலகிவிடுகிறாள். சொல்ல நினைத்தாலும் அங்கே சொல்ல முடியாது. ஆனால் கணவனுக்கு நினைவு இருக்கிறது. எங்கோ உயிரோடு இருக்கிறான். தன் மகனை மனைவி வெறுப்பில் கொன்றாள் என்று நம்பிக்கொண்டு இருக்கிறான். மருத்துவமனை வேலை, தனி வீடு, மிஷேல், பியானோ என்று அவளுடைய வாழ்க்கை ஒவ்வொன்றாகச் சேர்கிறது. அவன் வாழ்க்கையில் எது சேர்ந்தது?

அந்திமாலை:

தாழை, அவன் வந்திருந்தால் படம் அவனுடையதாக மாறியிருக்காதா? சிறையிலிருந்து வந்தவளின் மீள்வாழ்வைப் பற்றிய கதையில், பாதிக்கப்பட்டவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் மறுபடி ஒரு விசாரணைதான் நடக்கும். அவள் தண்டனையை முடித்துவிட்டாள். அவனுக்கு இன்னும் விளக்கம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், தண்டனை முடிவதே இல்லை என்று பொருளாகிவிடும்.

தாழை:

முடிந்தது சட்டம் கொடுத்த தண்டனை. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அவள் வேலை செய்யட்டும், வாழட்டும், லூக்கின் பிள்ளைகளைத் தூங்கவைக்கட்டும், நானே என் பிள்ளையை அவளிடம் விடுவேன். நான் கேட்பது விசாரணை அல்ல. ஒரு கடிதம். 'அவனுக்கு நோய் இருந்தது, உன்னிடம் சொல்லாமல் விட்டேன்' என்று இரண்டு வரி. படத்தின் கடைசியில், கீழே வந்து தன்னைத் தேடும் மிஷேலுக்கு, இங்கே இருக்கிறேன் என்று அவள் குரல் கொடுக்கிறாள். அங்கே எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் அந்தக் கடிதத்தை அவள் இன்னும் எழுதவில்லை.

லொரேன்வாசி:

பிரெஞ்சு நீதிமன்றங்களில் பல வழக்குகளை மொழிபெயர்த்திருக்கிறேன். வழக்கின் எந்தக் கட்டத்திலும், தண்டனை நிறைவேறிக்கொண்டிருக்கும் காலத்திலும்கூட, குற்றம் செய்தவரும் இழப்பைச் சந்தித்தவரும் விரும்பினால் நேரில் பேச வழிசெய்யும் ஏற்பாடு 2014 ஆகஸ்ட் மாதச் சட்டத்தால் இங்கே வந்தது. இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும், பயிற்சி பெற்ற நடுவர் உடன் இருப்பார், தண்டனையில் எந்த மாற்றமும் வராது. குளோதெல் படமெடுத்த 2008இல் அப்படியொரு கதவு சட்டத்தில் இல்லை. தாழை கேட்கும் கடிதத்தை இன்றைய ஜூலியெத் எழுத நினைத்தால் எங்கே கொடுப்பது என்றாவது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நீலாம்பரி:

தாழை, நான் தொடங்கிய கேள்வியைவிட உங்களுடையது கடினமானது. காரணத்தைச் சொன்னதுதான் படத்தின் குறை என்று நான் வாதாடினேன். சொன்னது போதாது, சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லவில்லை என்கிறீர்கள். வார இறுதியில் மறுபடி பார்க்கப்போகிறேன். இந்த முறை கணவனைப் பற்றிய பேச்சு வரும் இடங்களை மட்டும் கவனித்து எழுதுகிறேன். லொரேன்வாசி அண்ணா, பிரெஞ்சு வசனத்தில் அவன் சாட்சியம் பற்றி வரும் வரியை நீங்கள் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும். துணைத்தலைப்பில் மிகவும் சுருக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறது.